மடல் யாருக்குப் போகிறது? டெர்மினல் மின்னஞ்சலில் பெறுநரும் ஹெட்டரும்

டெர்மினலிலிருந்து அனுப்பிய மடலில் "டூ" வரியில் ஒருவர் பெயர் இருக்கிறது, மடல் போனதோ இன்னொருவருக்கு. மறைவாக நகல் அனுப்பப் பிசிசி-யில் போட்ட முகவரி எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது, ஆனால் மடல் எங்கும் சேரவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றை வெவ்வேறு கோளாறுகளாக நினைத்து ஆப்ஷன்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு மடலுக்கு இரண்டு பெறுநர் பட்டியல்கள் உண்டு. எந்தப் பட்டியலை யார், எந்தக் கட்டத்தில் உருவாக்குகிறார்கள் என்பது தெரியாததால் வரும் குழப்பம் இது.

முதலில் ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் ஹெட்டர் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து என்று சொல்லாத ஆப்ஷன் எல்லாம் சிறிய எழுத்து. உதாரண முகவரிகளுக்கு "உதாரணம்.பரிட்சை" என்ற டொமைனை எடுத்துக்கொண்டோம். 2007-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பல மொழி டொமைன்களைச் சோதித்தபோது தமிழுக்கு வைத்த பெயர் அது. இப்போது இணையத்தில் இயங்காது என்பதால் தெரியாமல் யாருக்கும் மடல் போய்விடாது.

உறை வேறு, ஹெட்டர் வேறு

தபாலில் அனுப்பும் கடிதத்தின் உள்ளே "அன்புள்ள மலர்" என்று எழுதியிருக்கலாம். தபால்காரர் அதைப் படிப்பதில்லை. உறைமேல் உள்ள முகவரியைத்தான் பார்க்கிறார். மின்னஞ்சலும் அப்படியே. சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முகவரிகளுக்குப் பெயரே உறை. டூ, சிசி, ஃப்ரம், சப்ஜெக்ட் ஆகியவை மடலுக்குள் எழுதப்பட்ட வரிகள், அவை ஹெட்டர்.

இந்தப் பிரிவினை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி எனப்படும் இணைய வரையறைகள் இரண்டு தனித்தனியாக வந்தன. ஆர்எஃப்சி 821 மடலைக் கொண்டுபோகும் முறையைச் சொன்னது, ஆர்எஃப்சி 822 மடலின் வடிவத்தைச் சொன்னது. இப்போது அவற்றின் இடத்தில் இருப்பவை 2008-இல் வந்த 5321, 5322. முன்னது உறைக்கு, பின்னது ஹெட்டருக்கு. இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் பிரிவு கண்முன் தெரியும். அறிமுக வரிகளை விட்டுவிட்டால் பேச்சு இப்படிப் போகும்:

மெயில் ஃப்ரம்:<பணி@உதாரணம்.பரிட்சை>
250 ஓகே
ஆர்சிபிடி டூ:<மலர்@உதாரணம்.பரிட்சை>
250 ஓகே
ஆர்சிபிடி டூ:<செழியன்@உதாரணம்.பரிட்சை>
250 ஓகே
டேட்டா
354 தொடரலாம்
ஃப்ரம்: பணி@உதாரணம்.பரிட்சை
டூ: மலர்@உதாரணம்.பரிட்சை
சப்ஜெக்ட்: காப்பு முடிந்தது

நேற்றிரவு எடுத்த காப்பு நகல் சரியாக முடிந்தது.
.
250 ஓகே

மூன்று இலக்க எண்ணில் தொடங்குபவை எதிர்முனை சர்வரின் பதில்கள். "டேட்டா" என்ற சொல்லுக்கு முன்னால் வருவது உறை. அதற்குப் பின்னால், புள்ளி மட்டும் உள்ள வரி வரும்வரை எல்லாமே மடல். செழியன் உறையில் இருக்கிறார், ஹெட்டரில் இல்லை. அவருக்கும் மடல் போகும். மலருக்கு அது தெரியாது. பிசிசி என்பது இவ்வளவுதான். அதற்கென்று சர்வரில் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது.

ஹெட்டரில் டூ வரியே இல்லாவிட்டாலும் மடல் செல்லும். ஆர்எஃப்சி 5322 கட்டாயம் என்று சொல்லும் ஹெட்டர்கள் இரண்டே: டேட், ஃப்ரம். ஆனால் டூ இல்லாத மடலை ஸ்பேம் வடிகட்டிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் என்பதால் ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது.

உறையை எழுதுவது யார்?

டெர்மினலில் நாம் தட்டும் "மெயில்" கட்டளை பொதுவாக சர்வரோடு நேரடியாகப் பேசுவதில்லை. அது மடலைத் தயாரித்து "செண்ட்மெயில்" என்ற நிரலிடம் தள்ளிவிடும். எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய அசல் செண்ட்மெயில் இன்று பல கணினிகளில் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற எந்த அஞ்சல் சர்வரை நிறுவினாலும் அதே பெயரில் ஒரு கட்டளையைக் கொடுக்கும். ஆகவே மடல் மூன்று கை மாறுகிறது: மெயில் நிரல், செண்ட்மெயில் கட்டளை, அதன் பின்னால் இருக்கும் அஞ்சல் சர்வர். பெறுநர் பட்டியல் ஒவ்வொரு கையிலும் மாறக்கூடும்.

முதல் கையைப் பார்ப்போம்.

மெயில் -எஸ் "மின்தடை அறிவிப்பு" -சி செழியன்@உதாரணம்.பரிட்சை மலர்@உதாரணம்.பரிட்சை

-எஸ் சப்ஜெக்ட், -சி சிசி, -பி பிசிசி. ஆப்ஷன் எதுவும் ஒட்டாமல் கடைசியில் நிற்பவை டூ முகவரிகள். பல பேர் என்றால் இடைவெளி விட்டு அடுக்கலாம். -சி, -பி ஆகியவற்றுக்குப் பின் பல முகவரிகள் வேண்டுமானால் காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். இந்தக் கட்டளையைப் படித்ததும் மெயில் நிரல் இரண்டு வேலைகள் செய்கிறது. டூ, சிசி, சப்ஜெக்ட் வரிகளை மடலின் தலையில் எழுதுகிறது. எல்லா முகவரிகளையும், பிசிசி உட்பட, செண்ட்மெயிலுக்கு உறைப் பட்டியலாகக் கொடுக்கிறது.

இங்கே விழும் அடிகள் பெரும்பாலும், நாம் தட்டுவதை முதலில் படிக்கும் ஷெல்லால் வருபவை. -எஸ் தனக்கு அடுத்த ஒரே சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறியை மறந்து -எஸ் மின்தடை அறிவிப்பு என்று தட்டினால் சப்ஜெக்ட் "மின்தடை" மட்டும். "அறிவிப்பு" ஒரு பெறுநராகிவிடும். @ இல்லாத பெயரை அதே கணினியில் உள்ள பயனராகவே நிரல் கருதும். அப்படியொரு பயனர் இல்லை என்று சற்று நேரத்தில் திரும்பு மடல் வரும். உண்மையான பெறுநருக்குப் பாதி சப்ஜெக்டோடு மடல் போயிருக்கும்.

இன்னொன்று கோண அடைப்பு. மலர் <மலர்@உதாரணம்.பரிட்சை> என்பதை அப்படியே தட்டினால் ஷெல் அந்த < குறியை "இந்தக் கோப்பிலிருந்து படி" என்று புரிந்துகொள்ளும். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றோ, கட்டளையின் இலக்கணம் தவறு என்றோ புலம்பும். பெயரோடு கூடிய முகவரி முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். சப்ஜெக்டில் டாலர் குறி இருந்தாலும் ஒற்றை மேற்கோளே பாதுகாப்பு. இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் ஷெல் அதை மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு வெற்றிடமாக்கிவிடும்.

கட்டளையைத் தட்டியதும் நிரல் மடலின் உடற்பகுதிக்காகக் காத்திருக்கும். எழுதி முடித்துப் புதிய வரியில் கண்ட்ரோல்-டி. எழுதும்போதே பெறுநரை மாற்ற டில்டே குறியில் தொடங்கும் வரிகள் உதவும்: ~டி (டூ-வின் முதல் ஆங்கில எழுத்து) டூ-வில் ஒருவரைச் சேர்க்கும், ~சி சிசி-யில், ~பி பிசிசி-யில், ~எஸ் சப்ஜெக்டை மாற்றும், ~எச் எல்லா ஹெட்டரையும் ஒவ்வொன்றாகத் திருத்தக் கொடுக்கும். அனுப்பும் முன் ~பி-யில் சரிபார்க்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. இரண்டு ஆங்கில எழுத்துகள் தமிழில் ஒன்றாக ஒலிப்பதால் வரும் குழப்பம் அது. பிரிண்ட் என்ற சொல்லின் முதல் எழுத்துதான் மடலைக் காட்டும். பிசிசி-யின் முதல் எழுத்து ஆளைச் சேர்க்கும்.

உடற்பகுதியை வேறொரு கட்டளையிலிருந்து குழாய் (|) வழியே கொடுத்தால் இந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனால் குழாயின் மறுமுனையில் உள்ள கட்டளை எதையும் வெளியிடாவிட்டால் வெற்று மடல் போய்விடும். அப்போது மெயில்எக்ஸ் எனப்படும் மெயில் வகை நிரல்கள் "நல் மெசேஜ் பாடி, ஹோப் தட்ஸ் ஓகே" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அனுப்பியே தீரும். பிஎஸ்டி மெயில்எக்ஸ், எஸ்-நெயில் என்ற வகைகள் இரண்டிலும் பெரிய எழுத்து -ஈ போட்டால் வெற்று மடல் கைவிடப்படும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளில் இது கட்டாயம் வேண்டிய ஆப்ஷன்.

"மெயில்" என்று ஒரு நிரல் இல்லை

இணையத்தில் கிடைத்த கட்டளையை ஒட்டினால் ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. கர்ட் ஷோன்ஸ் 1978-இல் எழுதிய பெர்க்லி மெயிலின் வாரிசுகள் பல. டெபியன், உபுண்டுவில் பிஎஸ்டி மெயில்எக்ஸோ குனு மெயில்யுடில்ஸோ இருக்கும். ரெட்ஹேட் குடும்பத்தில் 8 வரை ஹெயர்லூம் மெயில்எக்ஸ், 9-இல் எஸ்-நெயில். எல்லாமே "மெயில்" என்ற பெயருக்குப் பதில் சொல்லும்.

-எஸ், -சி, -பி மூன்றும் எங்கும் ஒன்றுதான். சண்டை -ஏ-வில். பிஎஸ்டி மெயில்எக்ஸிலும் குனு மெயில்யுடில்ஸிலும் சிறிய எழுத்து -ஏ ஒரு ஹெட்டர் வரியைச் சேர்க்கும். ஹெயர்லூமிலும் எஸ்-நெயிலிலும் அதே -ஏ ஒரு கோப்பை இணைக்கும். ஆகவே

மெயில் -ஏ "ரிப்ளை-டூ: உதவி@உதாரணம்.பரிட்சை" -எஸ் "சோதனை" மலர்@உதாரணம்.பரிட்சை

என்பது உபுண்டுவில் பதில் முகவரியை வைக்கும். ரெட்ஹேட்டில் அந்தப் பெயரில் கோப்பைத் தேடித் தோற்கும். குனு மெயில்யுடில்ஸில் கோப்பை இணைக்கப் பெரிய எழுத்து -ஏ. எந்த நிரல் இருக்கிறது என்று தெரியாமல் ஸ்கிரிப்டில் -ஏ எழுதாதீர்கள். எங்கு கொண்டுபோனாலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் மெயிலை விட்டுவிட்டு, அடுத்துச் சொல்லப்போகும் செண்ட்மெயில் -டி முறைக்கு வந்துவிடுவதே எங்கள் பரிந்துரை.

மட் என்ற இன்னொரு டெர்மினல் மின்னஞ்சல் நிரலிலும் -ஏ கோப்பை இணைக்கிறது, ஆனால் அது பல கோப்புகளை ஏற்கும். கோப்புகள் முடிந்தன என்பதைச் சொல்ல இரட்டைக் கோடு (--) போட்டு, அதன் பிறகே முகவரி எழுத வேண்டும். அதை மறந்தால் முகவரியையும் ஒரு கோப்பு என்று நினைத்துத் தேடும்.

செண்ட்மெயில் -டி: ஹெட்டரே உறையாகும் இடம்

ஸ்கிரிப்டுகள் மடலை முழுதாக, ஹெட்டரோடு எழுதி, செண்ட்மெயிலிடம் நேரடியாகக் கொடுப்பதுண்டு. பிஎச்பி-யின் மெயில் செயற்கூறும் லினக்ஸில் இதைத்தான் செய்கிறது. அதன் இயல்பான கட்டளை செண்ட்மெயில் -டி -ஐ.

-டி (டூ-வின் முதல் ஆங்கில எழுத்து) என்பதற்கு அர்த்தம்: பெறுநர்களைக் கட்டளை வரியில் தரமாட்டேன், மடலின் டூ, சிசி, பிசிசி வரிகளைப் படித்து நீயே உறையை எழுதிக்கொள். அப்படி எழுதியதும் பிசிசி வரியை மடலிலிருந்து அழித்துவிடும். -ஐ என்பதற்கு அர்த்தம்: புள்ளி மட்டும் உள்ள வரி வந்தாலும் மடல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. -ஐ இல்லாமல், ஒரு பதிவுக் கோப்பில் தற்செயலாக ஒற்றைப் புள்ளி வரி இருந்தால் மடல் அங்கேயே வெட்டப்படும். பாதி அறிக்கை வந்தது, மீதியைக் காணோம் என்ற புகார்களில் இதை முதலில் பாருங்கள்.

-டி போட்டுவிட்டு, கூடவே கட்டளை வரியிலும் முகவரி கொடுத்தால்? இங்கேதான் நிரல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த முகவரிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். எக்ஸிம் இயல்பாக அதற்கு நேர்மாறு: கட்டளை வரியில் உள்ளவர்களை ஹெட்டர் பட்டியலிலிருந்து கழித்துவிடும். செண்ட்மெயில் -டி மலர்@உதாரணம்.பரிட்சை என்று தட்டி, ஹெட்டரிலும் மலரே டூ என்றால், போஸ்ட்ஃபிக்ஸில் மலருக்கு மடல் கிடைக்கும், எக்ஸிமில் கிடைக்காது. இரண்டையும் கலக்கவே கூடாது.

இனி பிசிசி கசியும் வழி. -டி இல்லாமல், பெறுநர்களைக் கட்டளை வரியில் கொடுத்து, மடலுக்குள்ளும் பிசிசி வரியை விட்டுவைத்தால் என்ன ஆகும்? போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகப் பிசிசி வரியை எப்படி வந்தாலும் நீக்கிவிடுகிறது. எக்ஸிம் -டி இருந்தால் மட்டுமே நீக்கும். இல்லையென்றால் நாம் எழுதியதை அப்படியே அனுப்பும், எல்லாரும் படிப்பார்கள். ஒரே ஸ்கிரிப்ட் ஒரு சர்வரில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடி, வேறு சர்வருக்கு மாற்றிய அன்று ரகசியத்தைக் கொட்டுவது இதனால்தான். விதி எளிது: உறையை நாமே கொடுத்தால் மடலில் பிசிசி வரி எழுதாதே, பிசிசி வரி எழுதினால் -டி போடு.

ஹெட்டரை எழுதும்போது

ஹெட்டர் ஒவ்வொன்றும் ஒரு பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு. ஹெட்டர்கள் முடிந்ததற்கு அடையாளம் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குப் பிறகு எதை எழுதினாலும் உடற்பகுதி. கோப்பின் முதல் வரியே வெற்றாக இருந்தால் ஹெட்டரே இல்லை என்று பொருள். -டி போட்ட செண்ட்மெயில் "பெறுநர் முகவரி எதுவும் இல்லை" என்று மறுத்துவிடும். மறுபுறம், வெற்று வரி போட மறந்தால் "நோட்: நாளை விடுமுறை" போல ஓர் ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும் முதல் வாக்கியம் ஹெட்டராக எண்ணப்பட்டுப் பெறுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

நீண்ட ஹெட்டரை மடித்து எழுதலாம். அடுத்த வரி இடைவெளியிலோ டேபிலோ தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. ஷெல் ஸ்கிரிப்டில் அழகுக்காக உள்தள்ளி எழுதுபவர்களை இது கவிழ்க்கும். டூ வரியை ஓரத்தில் எழுதி, அடுத்த சப்ஜெக்ட் வரியை நான்கு இடம் தள்ளி எழுதினால், சப்ஜெக்டும் டூ-வின் பகுதியாகிவிடும். முகவரிப் பட்டியல் குப்பையாகும். ஒரு வரிக்கு 998 எழுத்து உச்சவரம்பு. 78-க்குள் நிறுத்துவது நல்ல பழக்கம்.

முகவரியில் பெயர் சேர்க்கும்போது நம் ஊர் முதலெழுத்துகள் ஒரு சிக்கல். கே. மலர் <மலர்@உதாரணம்.பரிட்சை> என்பதில் உள்ள புள்ளி, இலக்கணப்படி மேற்கோள் இல்லாமல் வரக்கூடாது. படிக்கும் நிரல்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது, எழுதும் நாம் "கே. மலர்" என்று இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். காற்புள்ளி இன்னும் மோசம். மலர், கணக்குப் பிரிவு <மலர்@உதாரணம்.பரிட்சை> என்று எழுதினால் காற்புள்ளி பட்டியலை வெட்டும். "மலர்" என்று ஒரு உள்ளூர்ப் பயனர் தனியாக முளைப்பார்.

அடுத்து, சப்ஜெக்டிலும் பெயரிலும் தமிழ். ஹெட்டரில் அடிப்படை ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்பது பழைய விதி. தமிழை எழுத ஆர்எஃப்சி 2047 ஒரு வழி சொன்னது: எழுத்துக் குறிமுறையின் (யுடிஎஃப்-8 போல) பெயரைச் சொல்லி, பேஸ்64 போன்ற ஒரு குறியீட்டில் மாற்றி, =? என்று தொடங்கி ?= என்று முடியும் துண்டாக எழுது. ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். "தமிழ்" என்ற சொல் பார்வைக்கு மூன்று எழுத்து, கணினிக்கு 5 புள்ளிகள், 15 பைட், பேஸ்64-இல் 20 எழுத்து. துண்டின் தொடக்க முடிவுக் குறிகளுக்கு 12 போனால் மீதி 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் வரும் என்பதால் 60. அதில் அடங்குவது 45 பைட், அதாவது 15 புள்ளிகள். "மின்தடை அறிவிப்பு" என்ற சிறிய சப்ஜெக்டுக்கே இரண்டு துண்டு வேண்டும். ஒரு எழுத்தின் 3 பைட்டுகளைப் பாதியில் வெட்டித் துண்டு பிரிக்கவும் கூடாது. பிரித்தால் சதுரப் பெட்டிகளும் கேள்விக்குறிகளும் தெரியும். ஸ்கிரிப்டில் இதைக் கையால் செய்ய முயல வேண்டாம். மட், எஸ்-நெயில் போன்றவை தாமே செய்யும். செண்ட்மெயில் -டி செய்யாது. நாம் கொடுத்ததை அப்படியே தள்ளிவிடும். பெயரைக் குறியீட்டுத் துண்டாக எழுதினால் அதைச் சுற்றி மேற்கோள் குறி போடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் துண்டை நிரல்கள் மாற்றிக் காட்ட வேண்டியதில்லை.

தமிழ் மடல் டெர்மினலில் சரியாகப் போய், கிரானில் ஓடும்போது மட்டும் ".பின்" என்று முடியும் இணைப்புக் கோப்பாக வருகிறதா? கிரான் மிகக் குறைவான சூழல் மாறிகளோடு ஓடுகிறது. மொழியமைப்பு இல்லாத நிலையில் ஹெயர்லூம் மெயில்எக்ஸ் தமிழை எழுத்தாக அடையாளம் காணாமல் வெறும் பைட்டுகளாகக் கட்டி அனுப்பும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் லாங் மாறிக்கு யுடிஎஃப்-8 மொழியமைப்பு ஒன்றைக் கொடுத்தால் தீரும்.

அனுப்புநருக்கும் இரண்டு முகம்

பெறுநருக்கு இருப்பதுபோல் அனுப்புநருக்கும் உறை முகவரி, ஹெட்டர் முகவரி என இரண்டு உண்டு. படிப்பவர் பார்ப்பது ஃப்ரம் ஹெட்டர். மடல் சேராவிட்டால் திரும்பு மடல் போவது உறை முகவரிக்கு. கடைசி சர்வர் அந்த உறை முகவரியை ரிட்டர்ன்-பாத் என்ற ஹெட்டராக மடலின் மேல் எழுதிவைக்கும். அதை நாமாக எழுதுவதில் பயனில்லை.

ஃப்ரம் ஹெட்டரை மட்டும் மாற்றிவிட்டு உறையை மறந்தால், கட்டளையை ஓட்டிய பயனரின் பெயரே உறையில் போகும். இணையதளத்திலிருந்து போகும் மடல் என்றால் வெப் சர்வர் பயனரின் பெயர். திரும்பு மடல்கள் எல்லாம் யாரும் திறக்காத ஓர் உள்ளூர்ப் பெட்டியில் குவியும். அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை எடுத்துக்கொள்வது உறை முகவரியின் டொமைனை. டிமார்க் சோதனை, ஃப்ரம் ஹெட்டரின் டொமைனோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கும், அல்லது மடலில் சர்வர் இட்ட டிகேஐஎம் கையொப்பத்தின் டொமைன் பொருந்துகிறதா என்று. ஸ்கிரிப்டில் அனுப்பும் மடல் ஸ்பேமுக்குப் போவதற்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு வழக்கமான காரணம். செண்ட்மெயிலுக்கு -எஃப், ஹெயர்லூமுக்கும் எஸ்-நெயிலுக்கும் -ஆர் கொடுத்து உறை முகவரியை வைக்கலாம். மட்டில் "யூஸ் என்வலப் ஃப்ரம்" என்ற அமைப்பை இயக்க வேண்டும்.

மாற்றுப் பெயர்களிலும் இதே இரட்டை விளையாட்டு. வீட்டு அடைவில் உள்ள மெயில்ஆர்சி கோப்பில் "குழு" என்ற பெயருக்கு ஐந்து முகவரிகள் வைத்தால், மெயில் நிரலே அதை விரித்து, ஐந்தையும் டூ வரியில் எழுதும். எல்லாருக்கும் எல்லாரும் தெரியும். சர்வரின் ஏலியாசஸ் கோப்பில் அதையே வைத்தால் உறை மட்டும் விரியும். ஹெட்டரில் "குழு" என்ற பெயர்தான் நிற்கும். அந்தக் கோப்பைத் திருத்திய பிறகு நியூஏலியாசஸ் கட்டளையை ஓட்ட வேண்டும், மறந்தால் பழைய பட்டியலுக்கே மடல் போகும்.

பதில் எழுதும்போதும் கவனம். பெர்க்லி வழிவந்த மெயிலில் சிறிய எழுத்து ஆர் எல்லாருக்கும் பதில் அனுப்பும், பெரிய எழுத்து ஆர் அனுப்பியவருக்கு மட்டும். மட்டில் சிறிய எழுத்து ஆர் அனுப்பியவருக்கு மட்டும், எல்லாருக்கும் என்றால் ஜி. ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் வம்பை வாங்கித் தரும். மெயிலின் சில வகைகளில் ஃப்ளிப்ஆர் என்ற மாறியை வைத்தால் இரண்டும் இடம் மாறும்.

வெளியார் தந்த உள்ளீடு

படிவத்தில் யாரோ தட்டியதை சப்ஜெக்டில் வைக்கும் ஸ்கிரிப்ட் என்றால், அதில் புதிய வரிக்குறி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சப்ஜெக்டுக்குள் ஒரு புதிய வரியும், அடுத்து பிசிசி என்று தொடங்கும் பட்டியலும் வைத்து அனுப்பினால், -டி அதை விசுவாசமாகப் படித்து உங்கள் சர்வரை ஸ்பேம் ஆலையாக்கிவிடும். முகவரி ஒற்றைக் கோட்டில் (-) தொடங்கினால் அது ஆப்ஷனாகப் புரிந்துகொள்ளப்படும். முகவரிக்கு முன் இரட்டைக் கோடு அதைத் தடுக்கும். பழைய மெயில்எக்ஸ் வகைகளுக்கு இன்னொரு வினோதம் உண்டு: பெறுநரின் பெயரில் சாய்கோடு இருந்தால் அதைக் கோப்பாகவும், குழாய்க் குறியில் தொடங்கினால் ஓட்ட வேண்டிய கட்டளையாகவும் எடுத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் வசதியாக இருந்தது, இன்று ஓட்டை. எஸ்-நெயிலில் இது இயல்பாக மூடப்பட்டிருக்கிறது.

அனுப்பாமலே பார்ப்பது

அனுப்பிய பிறகு மெயில்க்யூ கட்டளை வரிசையில் நிற்கும் மடல்களைக் காட்டும். அதில் தெரிவது உறை முகவரிகள், ஹெட்டர் அல்ல. பதிவுக் கோப்பில் "ஸ்டேட்டஸ்=செண்ட்" என்று இருந்தால் அடுத்த சர்வர் 250 சொல்லி வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள்; அது இன்பாக்ஸுக்குப் போனதா, ஸ்பேமுக்கா என்பது அங்கே தெரியாது. வந்து சேர்ந்த மடலில் ரிசீவ்ட் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், ஒவ்வொரு சர்வரும் தன் வரியை உச்சியில் ஒட்டுவதால்.

ஆனால் ஒரு மடலும் வெளியே போகாமல் உறையையும் ஹெட்டரையும் தனித்தனியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. செண்ட்மெயிலுக்குப் பதிலாக ஒரு போலி ஸ்கிரிப்டை வைப்பது. #! என்று தொடங்கும் ஷெல் அறிவிப்பு வரிக்குக் கீழே இரண்டே வரிகள்:

எக்கோ "$@" > /டிஎம்பி/உறை
கேட் > /டிஎம்பி/மடல்

அந்த ஸ்கிரிப்டுக்கு ஓட்டும் அனுமதி கொடுத்து, மட்டிலோ மெயில்எக்ஸிலோ "செண்ட்மெயில்" என்ற மாறியில் அதன் பாதையை வையுங்கள். எஸ்-நெயிலில் அந்த மாறிக்குப் பெயர் எம்டிஏ. பிறகு வழக்கம்போல ஒரு மடல், பிசிசி-யோடு, அனுப்புங்கள். "உறை" கோப்பில் செண்ட்மெயிலுக்குப் போன ஆப்ஷன்களும் முகவரிகளும் இருக்கும், "மடல்" கோப்பில் ஹெட்டரும் உடலும். பிசிசி முகவரி முதல் கோப்பில் மட்டும் இருந்தால் நிரல் உறையைத் தானே எழுதுகிறது. முதல் கோப்பில் -டி இருந்து, பிசிசி வரி இரண்டாவதில் இருந்தால், அதை நீக்கும் பொறுப்பு அடுத்த கைக்குப் போகிறது. -டி இல்லாமல் பிசிசி வரி இரண்டாவது கோப்பில் இருந்தால், உண்மையான செண்ட்மெயிலுக்கு மாற்றும் முன் அந்த அமைப்பைத் திருத்துங்கள்.